முற்றத்தின் மேல் ஒரு கம்பி வலை

புதுச்சேரியில் எந்தக் கட்டட வேலையிலும் முதல் டீ மேஸ்திரிக்குத்தான். எஞ்சினியருக்கு வருவது கடைசி டீ, ஆடை படிந்திருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. முதலிலிருந்து சொல் என்றீர்கள், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த டீதான்.

என் வேலை பாதுகாப்பு. ஹெல்மெட் கொடுக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள், ஹெல்மெட் எல்லாம் கடைசி. ஆபத்து எங்கே இருக்கிறது என்று வரைபடத்திலேயே பார்த்து, அந்த ஆபத்தே இல்லாமல் செய்துவிட வேண்டும். மனிதன் கவனக்குறைவாகத்தான் இருப்பான். கட்டடம் அவனைக் காப்பாற்ற வேண்டும். கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு முக்கால் வகுப்பு தூங்கியது. நான் தூங்கவில்லை. அதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளலாம்.

மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. பாரிசிலிருந்து வந்த மாலா மதாம் அதை வாங்கி விடுதியாக மாற்றச் சொன்னார். நடுவில் திறந்த முற்றம். மழை விழாமல் இருக்க மாடி மட்டத்தில் ஃபைபர் ஷீட் போட வேண்டும். மொட்டை மாடியில் நடக்கிற எவனாவது ஒருநாள் அதில் கால் வைப்பான், ஷீட் உடையும், கீழே கருங்கல் தரை. அதனால் ஷீட்டுக்கு அடியில் ஒரு கம்பி வலை போட வைத்தேன். வெள்ளை வர்ணம் அடித்த வலை. முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் வலை இருப்பது தெரியாது. அழகாகச் செய்திருந்தேன்.

மேஸ்திரி தெய்வசிகாமணி தவளக்குப்பத்துக்காரர். வலை மாட்டும்போது அவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஷீட் போட்ட மறுநாளே அதன் மேல் குறுக்கே நடந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். சுற்றிப் போகச் சொன்னேன்.

"இன்னா தம்பி, சும்மா பயங்காட்டிக்கினு. என் ஒடம்புக்கே தாங்குது. நீ நடந்தா அதுக்கு ஆள் போறதே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். தாங்குவது ஷீட் இல்லை, அடியில் இருக்கிற வலை என்றேன்.

"எந்த வலை? வீராம்பட்டினத்து மீன்காரனுங்ககிட்ட சொல்லி வெக்கட்டா? சீசனுக்கு வாடகைக்கு எடுத்துக்குவானுங்க."

அதன் பிறகு எல்லோரும் குறுக்கே நடந்தார்கள், கொத்தனார் செல்வகுமாரைத் தவிர. ஹெல்மெட் வாரை மோவாய்க்கு அடியில் மாட்டுகிற ஒரே ஆள் அவன்தான். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சுற்றிப் போவான். அங்கேயே மணல் சலிக்கிற பூவிழி, அவன் மனைவி, "எஞ்சினியருக்கு இன்னொரு பொண்டாட்டி கெடச்சிருக்கா பாரு" என்று அவனைக் கிண்டல் செய்வாள்.

வேலை முடிந்தது. ஒருவர் விரல்கூட நசுங்கவில்லை. மதாம் எல்லோர் முன்னிலையிலும் மேஸ்திரிக்கு மோதிரம் போட்டார். என்னிடம், "மெர்சி தம்பி. ஆனா பாதுகாப்பு, பாதுகாப்புன்னு ரொம்பத்தான் செலவு வெச்சுட்டீங்க. ஒண்ணுமே நடக்கலையே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை நீங்களும் யோசித்துப் பாருங்கள். நடக்காத விபத்தை யாருக்கு எடுத்துக் காட்ட முடியும்? என் வலை எத்தனை பேரைத் தாங்கியது என்று அந்த வலைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு முறை நடந்துவிட்டால் எல்லோருக்கும் புரிந்துவிடும். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை, ஐயா. பாடம் நடத்துகிற மனநிலைதான்.

கட்டடத்துக்குக் கண்படாமல் இருக்கக் கட்டுகிற திருஷ்டி பொம்மையை, தொட்டிக்குப் பக்கத்துக் கம்பத்தில் மேஸ்திரிதான் கட்டியிருந்தார். வைக்கோல் வயிறு, அவருடைய பழைய சட்டை. புதுமனை புகும் நாளில் கட்டியவரே அதை அவிழ்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்கு வேட்டி சட்டை மரியாதை உண்டு. ஆக, அன்று காலை மொட்டை மாடியில் யார், எந்த வழியில் நடப்பார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். எங்கள் தொழிலில் இவ்வளவு தெளிவு கிடைப்பது அபூர்வம்.

சாரம் பகுதியிலிருந்து ஒரு வெல்டரை வரவழைத்து, மறுபடி வர்ணம் அடிக்க வேண்டும் என்று சொல்லி வலையைக் கழற்றினேன். யாரும் கேட்கவில்லை. அது இருந்ததையும் அவர்கள் மதிக்கவில்லை, போனதையும் கவனிக்கவில்லை. விழா அன்று முற்றத்தில் ஷீட்டுக்கு நேர் கீழே யாரும் நிற்காதபடி கயிறு கட்டினேன். சம்பந்தமில்லாதவர்களுக்கு அடிபடக் கூடாது.

மேஸ்திரி மரியாதை வேட்டியைக் கட்டிக்கொண்டே மாடிக்கு வந்தார். ஜரிகைக் கரை. கம்பத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார்.

"டேய் செல்வம், இத்த கட்டிக்கினு எப்பிடிடா ஏறுறது? நீ போய் அவுத்து எறி. சுத்திக்கினு போவாத, நேரம் போவுது, ஐயரு கத்துறாரு. நேரா போடா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், அது என் திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை.

இப்போது அந்த மேஸ்திரி எந்த வேலைக்குப் போனாலும் முதலில் ஷீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறாராம். மதாம், கழற்றிய வலையை இரண்டு அடுக்காக மாட்டச் சொல்லிவிட்டார். பூவிழி வேலைக்கு வருவதில்லை. பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது; ஆள்தான் மாறிப்போனது.

அவனைத் தடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். செல்வகுமார் ஷீட்டின் விளிம்பில் நின்று என் பக்கம் திரும்பினான். "சார், போலாமா?" என்று கேட்டான். என் வாய்வரை வார்த்தை வந்தது. ஆனால் உயரத்தில் விளிம்பில் நிற்கிறவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, ஐயா, கவனம் சிதறிவிடும். அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்.

அதனால் தலையை மட்டும் ஆட்டினேன், போகலாம் என்று.