ஆறு மணி முகூர்த்தம்

— ஆட்டுக்குட்டி கழுத்துலயா கட்டிப் பழகுனீங்க?

— வேற யாரு கழுத்து இருக்கு, டாக்டர்? அதுதான் சும்மா நின்னுச்சு. மூணாவது முடிச்சு போடுததுக்குள்ள மஞ்சக் கயிறோட ஓடிப் போச்சு, பாத்துக்கிடுங்க.

— ஆண்டவரே. அம்மா பாத்தாகளா?

— பாத்துட்டா. "ஏலே தங்கப்பாண்டி, வெள்ளிக்கிழமை கல்யாணத்த வச்சுக்கிட்டு இது என்னலே கூத்து"ன்னா.

— சிரிக்க வைக்காதீங்க அண்ணாச்சி. கைய மேசையில வைங்க. நடுவிரல் ஏன் இப்படி வீங்கியிருக்கு? எத்தனை தடவை மடக்கி நீட்டுனீங்க?

— நீங்க பத்து சொன்னீங்க. நான் இருநூறு.

— எதுக்கு?

— கரிசக்காடு மாதிரி நெனச்சுட்டேன். இறுகிக் கெடந்தா ரெண்டு உழவு சேத்துப் போட்டா பொலபொலன்னு வந்துரும்லா.

— சொல்லுதத கேளுங்க. இது காடு இல்ல, மூட்டு. ஒங்க தோல்ல இருக்குத சோரியாசிஸ்தான் மூட்டையும் பிடிச்சிருக்கு. வீக்கத்தோட முரட்டுத்தனம் பண்ணுனா இன்னும் வீங்கும். வெதுவெதுப்பான தண்ணியில கைய முக்கி வச்சுட்டு, வலிக்காத அளவுக்குப் பத்தே தடவை. மாத்திரைய நிறுத்தலையே?

— அதெல்லாம் முழுங்குதேன். பகல்ல ஒரு கொறையும் இல்ல. டிராக்டர் ஓட்டுதேன், நாகலாபுரத்துலேருந்து பஸ்ஸுல கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே கோவில்பட்டி வாரேன். காலையில எந்திச்சதும்தான் ஒரு மணி நேரத்துக்கு வெறகுக்கட்ட மாதிரி கெடக்கு. முகூர்த்தமோ ஆறுலேருந்து ஏழு. கழுகுமலைக் கோயில்ல.

— நீங்க ஒரு முடிச்சுதான போடணும்? மத்த ரெண்டையும் நாத்தனார் போட்டுருவாங்கல்லா?

— எனக்குக் கூடப்பெறந்த பொம்பளப்பிள்ள கெடையாது. சித்தப்பா மக போடுததா இருந்தது. அவளுக்குப் போன வாரம் பிள்ள பெறந்துட்டு, தீட்டு. இப்ப மூணும் என் தலையில. பின்னால நாலு ஜோடி வரிசையில நிக்கும். ஐயரு வெரட்டுவாரு, பாத்துக்கிடுங்க.

— சரி. நாலு மணிக்கே எந்திரிங்க. தண்ணியில பத்து நிமிஷம், அப்புறம் விரல ஒவ்வொண்ணா, மெதுவா. அஞ்சரைக்கு இன்னொரு தடவை. இந்தா, தலகாணியச் சுருட்டித் தாரேன். இதுல கட்டுங்க. இது ஓடாது.

— ஒண்ணு. ரெண்டு. ம்... நழுவுது.

— பெருவிரலால நெருக்காதீங்க. கயிற உள்ளங்கையில பிடிச்சு இழுங்க. நேரமானா ஆவுது. பொண்ணு செல்வமாரி என்ன ஆட்டுக்குட்டியா, எந்திச்சு ஓட?

— அதான் டாக்டர் பயமே.

— ஏன்? அவங்களுக்குத் தெரியாதா?

— சொல்லல.

— ஆறு மாசமா இங்கன வருதீங்க. நிச்சயமும் முடிஞ்சுட்டு. இன்னும் சொல்லலையா?

— முன்னால ரெண்டு எடத்துல சொன்னேன். ஒட்டுவாரொட்டின்னு காப்பி டம்ளரக்கூடத் தனியா வச்சாவ. முப்பத்தாறு வயசாச்சு எனக்கு. இவள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இவளும் அப்படி ஒரு பார்வை பாத்துட்டான்னா தாங்க மாட்டேன்.

— ஒங்க கைய வாராவாரம் பிடிச்சு நீவி விடுதேன். எனக்கு ஒட்டுச்சா?

— அது ஒங்களுக்குத் தெரியும். அவளுக்கு?

— அதான், போன எடுங்க.

— இப்பவா? மூணு நாளு தான இருக்கு.

— மூணு நாளாவது இருக்கே. மறைச்சுக் கட்டுத முடிச்சுக்கு இந்த டாக்டர் பிரிஸ்கில்லா பழக்கி விட மாட்டா. கீழ வச்சு ஸ்பீக்கர்ல போடுங்க, விரலுக்கு வேலை குடுக்காதீங்க.

— அலோ, செல்வமாரி? நான்தான், தங்கப்பாண்டி.

— சொல்லுங்க. அடுப்படியில நிக்கேன்.

— ஒரு விஷயத்த மறைச்சுட்டேன். எனக்கு முழங்கையில செதில் செதிலா ஒரு தோல் சீக்கு இருக்கு. விரல் மூட்டுலயும் இருக்கு. ஒட்டாது. டாக்டரம்மா பக்கத்துலதான் இருக்காவ, வேணும்னா கேட்டுக்கோ. காலையில விரல் சரியா மடங்காது. தாலி கட்ட நேரமாவும். வேண்டாம்னா இப்பவே சொல்லிரு. நான் கோவிக்க மாட்டேன்.

— நிச்சயத்தன்னைக்கு எனக்கு மோதிரம் போட எவ்வளவு நேரம் எடுத்தீங்க?

— கொஞ்சம் ஆயிட்டு.

— மாப்பிள்ளைக்குக் கூச்சம்னு எல்லாரும் சிரிச்சாவ. நான் ஒங்க நகத்தப் பாத்தேன். குழி குழியா இருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரி நர்சக்காகிட்டப் போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

— தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

— நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன். இவ்வளவு நாளாச்சேன்னு கோவம்தான்.

— அப்ப வெள்ளிக்கிழமை?

— மெதுவாவே கட்டுங்க. நானும் பத்து நாளா, சோறு பொங்கி எறக்குத வரைக்கும் தலையக் குனிஞ்சே உக்காந்து பழகுதேன்.