கை படாத கிட்டார்

ஹலோ... ஆமா, புருஷோத்தமன்தான்... மரக்காணத்துலதான் இருக்கேன், சொல்லுங்க ஜெயசீலன் சார்... மூணு லட்சம். போட்டோ அனுப்பும்போதே சொன்னதுதானே, மூணு லட்சம்... இன்னாது? ரெண்டு இருபதா? காலங்காத்தால சிரிப்பு காட்டாதீங்க சார். விலையே சொல்ல முடியாத பொருளுக்கு, மெட்ராஸ்லேர்ந்து கேக்கறாரே, போனாப் போவுதுன்னு ஒரு விலை சொல்லியிருக்கேன். அதுலயும் நீங்க...

ம்... ம்... ஆமா. எலக்ட்ரிக் கிட்டார்தான். உள்ள காலியா இருக்கற ஜாதி. ஜப்பான்ல செஞ்சது, அறுவத்தேழு மாடல். மேல இருக்கற ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள நம்பரோட சீட்டு ஒட்டியிருக்குது. விக்டர் அதையும் போட்டோ எடுத்தாரே... விக்டருங்களா? எங்க ஊர் சர்ச்சுல வாசிக்கறவரு. அவர்தான் போன வாரம் புதுக் கம்பி மாட்டி, சுதி சேத்துக் குடுத்தாரு...

என்னா சந்தேகம்?... புதுசு மாதிரி இருக்குதா? அது ஒரு குத்தமா?... ஓஹோ... ஓஹோ... டூப்ளிகேட்டா! யாரைப் பாத்து...

சரி சார், சரி. கோவமெல்லாம் இல்ல. நியாயமான கேள்விதான். எங்க ஊர் உப்புக் காத்துல வாசல் கேட்டோட கொக்கி ஆறு மாசம் தாங்காது. என் ஸ்கூட்டரைப் பாத்தீங்கன்னா துருவுக்கு நடுவுல கொஞ்சம் ஸ்கூட்டர் இருக்குது. அப்பேர்ப்பட்ட ஊர்ல அறுவது வருஷப் பொருள் பளபளன்னு இருந்தா எவனுக்கும் சந்தேகம் வரும்தான். ஆனா அதுக்குக் காரணம் இருக்குது... அது குடும்ப விஷயம் சார், விடுங்க... சொல்லலைன்னா ரெண்டு இருபதேதானா?... சொன்னா?... சொல்லித் தொலைக்கறேன்.

அது எங்க ஊர்லயே இல்ல. எண்பத்தாறுல எனக்குக் கல்யாணம். ரிசப்ஷன்ல மாப்பிள்ளையே கிட்டார் வாசிச்சு அசத்தப் போறாருன்னு மைக்ல சொல்ல வச்சேன். நானேதான் எழுதிக் குடுத்தேன்... ஆமா... வாசிச்சேன்... அசத்தல சார். மூணாவது நாள் எங்க வீட்டம்மா, இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னுட்டாங்க. நான் ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்றாங்க. அப்புறம் பொட்டியோட தூக்கினு போயி, திண்டிவனம் தாண்டி மாமனார் வீட்ல போட்டேன். கடலுக்கும் அதுக்கும் நாப்பது கிலோமீட்டர். உப்புக் காத்துக்கு அந்த ஊருக்குப் பஸ் கிடையாது... இப்ப எப்படி வந்துச்சா? போன மாசம் பாகம் பிரிச்சாங்க. மச்சானுங்க நெலத்தை எடுத்துக்கிட்டு எனக்குக் கிட்டாரைத் திருப்பி அனுப்பிட்டானுங்க.

நம்பிக்கை இல்லைன்னா அவங்களையே கேளுங்க. ஏய் அம்சவல்லி! இங்க வா... மாவுக் கையா? அங்கேர்ந்தே சொல்லு, ஸ்பீக்கர்ல போடறேன். நான் கிட்டார் வாசிச்சா எப்படி இருக்கும்னு சார் கேக்கறாரு... போதும்... போதும்மா, அவரு ஒரு வரிதான் கேட்டாரு!

கேட்டுதுங்களா சார்?... சிரிச்சு முடிங்க, இருக்கேன்... இருக்கேன்... ரெண்டு நாப்பதா? ஆங். பாத்தீங்களா, உண்மைக்கு ஒரு விலை இருக்குது.

ஒரு நிமிஷம் சார், வாசல்ல ஆளு. லைன்லயே இருங்க, போனை மூடிக்கறேன்... ஏம்பா மண்ணாங்கட்டி, மேஸ்திரி நீயே அவசரப்பட்டா எப்படிய்யா? பேசிக்கிட்டுதானே இருக்கேன்... தெரியும், பக்கத்து உப்பளத்துக்காரன் நேத்தே ஆளுங்களுக்கு முன்பணம் குடுத்துட்டான்... தெரியும்ப்பா, மழையில கரைஞ்சது என் உப்புதானே, உன் உப்பா? ஒரு வருஷத்து அம்பாரம், நாலு நாள்ல கடலுக்கே திரும்பிப் போயிடுச்சு... இருவத்தஞ்சு பேரு, தலைக்குப் பதினோராயிரம், ரெண்டு எழுபத்தஞ்சு. இன்னிக்குச் சாயந்திரம் உன் கையில. ஒருத்தனும் வேற அளத்துக்குப் போகக் கூடாது, சொல்லிட்டேன். உக்காரு. டீ வரும்.

ஹலோ, சொல்லுங்க சார். சும்மா யாரோ டொனேஷன் கேட்டு... என்னா?... கேட்டுடுச்சா?... எல்லாமேவா?... மூடிக்கிட்டுதானே பேசினேன்! சரிதான். எங்கப்பா தராசு பக்கத்துலயே தொட்டில் கட்டி என்னை வளத்தாரு. வாங்கறவனுக்கு உன் அவசரம் தெரியவே கூடாதுன்னு சோறு ஊட்டும்போது சொல்லிக் குடுத்தாரு. நான் ஸ்பீக்கரை ஆஃப் பண்ண மறந்துட்டேன்.

ஆனா அவசரத்துக்கு விலை குறையாது சார். நீங்க பொருளைப் பத்தி மட்டும் கேளுங்க... பிரெட்டா? அந்தக் குறுக்குக் கம்பிங்களா? தேயலைதான். ஒரு கோடு இல்ல... அதையும் சொல்லணுமா?

அப்ப நான் எங்கப்பாவோட அளத்துல எறங்கி வேலை செஞ்ச காலம். பகல் பூரா உப்புத் தண்ணி. விரல் நுனி எல்லாம் வெடிச்சிருக்கும். அந்த விரலை வச்சுக் கம்பியை அமுக்கினா வாசிப்பு கிட்டார்லேர்ந்து வராது, என் வாய்லேர்ந்து வரும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அதுல எட்டு நிமிஷம் விரலை ஊதிக்கிட்டு இருப்பேன். எப்படித் தேயும்?... ஆமா, பாவம்தான். அந்தப் பாவத்துக்கு எவ்ளோ போடறீங்க?... ரெண்டு அறுவது. நன்றிங்க.

வாங்கினதா? எண்பத்து நாலுல, பாண்டிச்சேரியில. ஒரு குடும்பம் பிரான்சுக்குக் கெளம்பும்போது வித்தாங்க. ரெண்டாயிரம் கேட்டாங்க சார். தூக்கிப் பாத்தேன், எடையே இல்ல. தட்டிப் பாத்தேன், உள்ள காலி. நாங்க மூட்டையைத் தூக்கிப் பாத்து விலை சொல்ற ஆளுங்க. உள்ள சரக்கே இல்லாத பொருளுக்கு ரெண்டாயிரமான்னு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அந்தம்மா, அந்தக் காலியில இருந்துதாம்ப்பா சத்தமே வருதுன்னாங்க. எங்கிட்டயேவா? எண்ணூத்தம்பதுக்கு முடிச்சேன். ஏமாத்திட்டேன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்... ஆமா சார், அந்தம்மா சொன்னது சரிதான்னு எனக்கு விக்டர் சொல்லித்தான் தெரியும். போன வாரம்.

கரண்டு சாமானா? சுத்தமா இருக்குது. சத்தம் கூட்டிக் குறைக்கற திருகு ரெண்டும் வெண்ணெய் மாதிரி சுத்துது... ஏன்னா... சார், இதுக்கு மேல மானம் என்கிட்ட ஸ்டாக் இல்ல... எவ்ளோ போடுவீங்க?... முதல்ல அதைச் சொல்லுங்க... கேட்டுட்டு நாப்பது போடறதுன்னா சொல்றேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மெல்லிசைக் குழுவுல இருந்தேன். ஆள் பாக்க அம்சமா இருப்பேன், முடி இதுவரைக்கும். முன் வரிசையில நிக்க வச்சாங்க. நாலு கச்சேரி. எல்லாத்துலயும் ஒரே கைதட்டல். அஞ்சாவது கச்சேரியில கால் இடறிக் கீழ பாத்தேன், என் வயரு எங்கயுமே சொருகலை. முதல் கச்சேரிலேர்ந்தே சொருகலையாம். குழுவே சேந்து எடுத்த முடிவாம்... சிரிங்க... நல்லா சிரிங்க, காசு குடுக்கறீங்க... ஆமா சார், அதுக்கு நான் கரண்டே காட்டினது இல்ல. விக்டர்தான் முதல் தபா சொருகினாரு. கன்னி கழியாத சரக்கு! பொருள் ஒசத்தி, வச்சிருந்த ஆளுதான் மட்டம். போதுமா?

மூணு லட்சம்? வார்த்தை மாறக் கூடாது... சரி... இன்னிக்கே அக்கவுண்ட்ல போடுங்க, சாயந்திரம் வண்டி அனுப்புங்க. பத்தரமா ஏத்தி விடறேன்.

இன்னும் என்னா?... நானா?... ஒரே ஒரு தபா சத்தம் கேக்கணுமா?... சும்மா கம்பியைத் தட்டி விட்டா போதுமா?... வேணாம் சார், ரேட்டு நல்லா போய்க்கிட்டு இருக்குது... சரி, சரி. போனை நாற்காலி மேல வைக்கறேன். கேளுங்க.

...

...

ஹலோ. கேட்டுதா?... சார்? லைன் கட்டாயிடுச்சா?... இருக்கீங்களா, பேசுங்களேன், பயமா இருக்குது... யாரு வாசிச்சதா? நான்தான்... விக்டர் இங்க இல்லவே இல்ல சார். நான்தான்...

என்னா கழிவு?... இருபதாயிரமா?... எதுக்குக் கழிவு?... இப்படி வாசிக்கற கை நாப்பது வருஷம் சும்மா இருந்திருக்காதா? அய்யோ! அது தெரியாத்தனமா வந்துடுச்சு சார்! கல்யாணத்துக்குன்னு பத்து நாள் பழகின பிட்டு. அன்னிக்கு வரலை, இன்னிக்கு வருது, அதுக்கு நான் என்னா பண்ணுவேன்? இப்பல்லாம் உக்காந்து பில்லு போடற கை, வெடிப்பு இல்ல, அதான். இன்னொரு தபா வாசிக்கறேன், கண்டிப்பா சொதப்புவேன், கேட்டுட்டு அந்த இருபதாயிரத்தை...

என்னா அம்சா?... மாவுக் கையோட ஏன் வந்து நிக்கற?... என்னாது?... இன்னொரு தபா வாசிக்கணுமா?... நீயா கேக்கற?... மண்ணாங்கட்டி, நீ ஏம்ப்பா ஜன்னல்ல நிக்கற?... ம்.

...

சார். இருக்கேன்... இல்ல, யோசிக்கறேன்... இல்ல சார், சொதப்பலை. சொதப்ப மாட்டேன். வாசிச்சிருக்கேன். நீங்க சொல்றதுதான் சரி, இந்தக் கிட்டாரை நான் வாசிச்சிருக்கேன். கழிச்சுக்குங்க... ஆமா, இருபதும். பேரம் எல்லாம் இல்ல... என் வாய்லேர்ந்துதான் வருது, எனக்கும் கேக்குது.

ரசீது வாட்ஸாப்ல அனுப்புவீங்க இல்ல? நான் சொல்றபடி எழுதுங்க. பழைய கிட்டார் ஒண்ணு, மூணு லட்சம்... எழுதிட்டீங்களா?... தேய்மானம்னு போடாதீங்க சார், அது பொருளுக்குப் போடறது. "புருஷோத்தமன் வாசித்த வகையில் கழிவு, இருபதாயிரம்." முழுப் பேரும் வரட்டும்... நிகரம் ரெண்டு லட்சத்து எம்பதாயிரம். அதுல ஆளுங்க முன்பணம் ரெண்டு எழுபத்தஞ்சு போவுது. எனக்கு நிக்கறது அஞ்சாயிரம்... சரியா வருது சார், நான் கூட்டிட்டேன்.

எங்க, எழுதினதைப் படிங்க... ஆங்... ஆங்... அந்த ரெண்டாவது வரி மட்டும் இன்னொரு தபா... கொஞ்சம் சத்தமா சார், வீட்ல கேக்கணும்...

சரி. வைக்கறேன்.