வெறுங்கையில் ஒரு முழம்

சீட்டாடும்போது வறுத்த பருப்பு தின்னக் கூடாது என்று நான் சொன்னால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள், மேடம். உப்பும் எண்ணெயும் விரலில் ஒட்டும், விரலிலிருந்து சீட்டில் ஒட்டும், அந்தச் சீட்டு அடுத்த ஆட்டத்தில் இன்னொருவன் கைக்குத்தானே வரும். என் அக்காவின் கணவர் அதைத்தான் செய்வார். தின்ற விரலை நக்கி, அந்த ஈரத்தோடு சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். அவரோடு ஆடும் நாட்களில் நான் ஒரு கைக்குட்டை கூடுதலாக வைத்துக்கொள்வேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். அடித்து வாங்கினார்கள் என்று பின்னால் சொல்ல மாட்டேன். நீங்கள் மரியாதையாகத்தான் நடத்தினீர்கள், டீயில் மட்டும் சர்க்கரை கூடுதல்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் எனக்கு உடம்பு கூசும். மாமாவுக்கு, அதுதான் அக்காவின் கணவருக்கு, மெத்தைக் கடை. யார் என்ன விலைக்குக் கேட்டாலும் "சரி, எடுத்துட்டுப் போங்க" என்பார். அப்படியும் கடை எப்படியோ ஓடியது. அவர் வாழ்க்கையில் எல்லாமே எப்படியோதான் நடந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

போக்கரை நான் படித்து ஆடுகிறவன். உங்களுக்குப் பழக்கம் இல்லை என்றீர்கள், அதனால் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒவ்வொரு கட்டமாகத் திறக்கும். காசுக்குப் பதில் பிளாஸ்டிக் காய்கள். கையில் சரக்கு இருந்தால் காயை ஏற்றலாம். இன்னொருவர் ஏற்றினால் அதே அளவு காய் வைத்துக் கூட வரலாம், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம், அது ஃபோல்டு. கையில் ஒன்றுமே இல்லாதபோது, இருப்பதுபோல் காட்டி ஏற்றி மற்றவரை ஒதுங்க வைப்பது ப்ளஃப். வெறுங்கையில் முழம் போடுகிற வேலைதான். எதிரில் இருப்பவனுக்குப் பயப்படத் தெரிந்தால் மட்டும் அது பலிக்கும்.

மாமாவுக்குப் பயப்படத் தெரியாது. அவரைச் சீட்டாட்டக் கிளப்புக்குக் கூட்டிப்போனது நான்தான், வேலியில் போனதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது என் தப்பு. எந்தக் குப்பைச் சீட்டு வந்தாலும், யார் எவ்வளவு ஏற்றினாலும், காயைத் தள்ளிக்கொண்டு கடைசி வரை கூடவே வருவார்.

"கையில ஒண்ணுமே இல்லையே மாமா, எதுக்கு வந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன் கையில என்ன இருக்குன்னு பார்க்காம எப்படி மாப்ள தூங்குறது?" என்று சிரித்தார். அரைத்த பருப்பு நாக்கில் தெரிந்தது. மேஜையே சிரித்தது. அவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

இப்படித் தளர்வாக ஆடுகிறவர்களிடம் ப்ளஃப் செய்யக் கூடாது. பொறுமையாக ஃபோல்டு செய்துகொண்டே இருந்து, நல்ல சீட்டு வரும்போது வாரிக்கொள்ள வேண்டும். அவர்களைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அவர்களுக்கு நடிக்க வராது. மாமா மூக்கைச் சொறிந்தால் சீட்டு மட்டம், காலை ஆட்டினால் சீட்டு நன்று. உள்ளே இருப்பதுதான் வெளியேயும் இருக்கும்.

கிளப்பின் வருடப் போட்டியில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். கடைசி மேஜை வரை வந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. இந்த முறை எல்லோரும் தோற்றுப்போய் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக மாமாவின் முன்னால் காய்கள் குவிந்து கிடந்தன, என்னிடம் இருந்ததைவிட அதிகம். அவற்றின் மேலும் உப்பு.

அன்று காலை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டேய், அவருக்கு நெஞ்சு வலி வந்தா அந்த மாத்திரையை உடனே நாக்குக்கு அடியில வைக்கணும். கோட்டுப் பாக்கெட்டுல குப்பி இருக்கு. நீ கூட இருக்கேன்னுதான் அனுப்புறேன்."

"நான் பார்த்துக்கறேன்க்கா" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போயிருந்தார்கள். மேல் அறையில் நாங்களும் சீட்டுப் போடும் பெண்ணும் மட்டும். மாமா வியர்க்கிறது என்று கோட்டைக் கழற்றி என் நாற்காலியின் முதுகில் போட்டிருந்தார். தன் பொருளைத் தன் இடத்தில் வைக்கும் பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

அந்த ஆட்டத்தில் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் என்று காத்திருந்தேன். நடுவில் ஐந்தும் திறந்த பிறகும் நாலோடு நின்றது. என்னிடம் ஒரு ஜோடிகூட இல்லை. மாமா ஏற்றாமல் மேஜையைத் தட்டிவிட்டு என் முறைக்கு விட்டார். நானும் ஏற்றாமல் தட்டிவிட்டிருக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் அப்போது பல்லிடுக்கில் நகத்தை விட்டு எதையோ எடுத்து, பார்த்து, மறுபடி வாயிலேயே போட்டுக்கொண்டார். இந்த ஆளிடமா தோற்பது? என் காய்கள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன்.

மாமா உடனே வரவில்லை. முதல்முறையாக யோசித்தார். முகம் வெளுத்தது, நெற்றி நனைந்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"மாப்ள, ஒரு மாதிரி இருக்கு. அந்தக் கோட்டை எடு."

சீட்டுப் போடும் பெண் பாதி எழுந்துவிட்டாள். "சார், அவருக்கு முடியல போலிருக்கே?"

"நடிக்கிறாரு. எங்க அக்கா வீட்டுக்காரர், எனக்குத் தெரியாதா? நேரம் எண்ணுங்க" என்றேன்.

எதிராளி தாமதித்தால் அப்படிக் கேட்க எனக்கு உரிமை உண்டு. ஒரு நிமிடம் எண்ணுவார்கள். அதற்குள் முடிவு சொல்லாதவரின் சீட்டு செல்லாது. பாவம், அந்தப் பெண் வேலைக்குப் புதிது, சொந்தக்காரன் சொல்கிறானே என்று உட்கார்ந்து எண்ணினாள். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். முதுகில் குப்பி உறுத்தியது.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கோட்டை எடுக்கத்தான் குனியப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை. "மாப்ள" என்று இன்னொரு முறை சொன்னார். மேஜையில் ஊன்றி எழப்பார்த்தார், முடியவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்து சீட்டின் மேல் சொட்டியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எண்ணி முடிந்தது. அவர் சீட்டு செல்லாது என்று அந்தப் பெண் அறிவித்த பிறகு, நடுவில் கிடந்த காய்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன், அதோடு என் குவியல் அவருடையதைவிடப் பெரிதானது. பிறகுதான் குப்பியைத் திறந்தேன். நாக்கைத் தூக்கி மாத்திரையை வைத்தது இந்தக் கைதான். வைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தலை அதற்குள் தொங்கிவிட்டது. எழுந்துபோய்க் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதன் பிறகு கீழே ஆள் கூப்பிட்டேன்.

ஆட்டம் தொடர முடியாமல் போனால், யாரிடம் காய் அதிகமோ அவருக்குத்தான் கோப்பை. அது கிளப் விதி. உட்காரும்போதே அதைப் படித்திருந்தேன்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசியா என்னடா சொன்னாரு?" என்றாள். உன் பெயரைச் சொன்னார் என்றேன். அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய். இல்லை, நடிக்கிறார் என்று சொன்னதும் பொய்தான். அந்த மேஜையில் அவரை என் அளவுக்குப் படித்தவர்கள் யாரும் இல்லை. வலி நிஜம் என்று கை நெஞ்சுக்குப் போன கணமே எனக்குத் தெரியும். மாத்திரை கொடுத்தால் பிழைப்பார், பிழைத்தால் ஆடுவார். அதனால்தான் சாய்ந்தேன். நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஒரு திருத்தம். சீட்டுப் போடும் பெண் பிற்பாடு அவருடைய சீட்டைத் திருப்பிப் பார்த்தாளாம். ஒரு ராஜா இருந்ததாம், நடுவில் கிடந்த ராஜாவோடு ஜோடி. "இதுக்கு அவர் கண்டிப்பா வந்திருப்பாரு" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது, மேடம். அவர் வெளுத்தது நான் காயைத் தள்ளிய பிறகு. வியர்த்ததும் அதற்குப் பிறகுதான். மாமா வந்திருக்க மாட்டார், என் ப்ளஃபுக்குப் பயந்துவிட்டார். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.