வால்வு மேல பழி போடாதீங்க

இல்ல மேடம், அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி உக்காருங்க. தண்ணியாவது குடிக்கலாமில்ல? சரி விடுங்க, விசாரிக்க வந்த வீட்ல கைநனைக்கக் கூடாதுன்னு சட்டம் போலிருக்கு.

நீராவி வால்வு தானாக் கசிஞ்சு தொட்டிக்குள்ள ஆள் செத்தான்னு நீங்க ரிப்போர்ட் எழுதிட்டா, திங்கக்கிழமை அந்தக் குழாயை அறுத்துப் போட்டுடுவாங்க. அதானே? அதுக்கு முன்னாடி என் பேச்சையும் கேட்டுக்கங்க.

சுவத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி ஃபேக்டரி. உலைச் சூடு மொத்தமும் புகைக்கூண்டு வழியா வானத்துக்குப் போச்சு. இந்தப் பக்கம் எங்க சாயப்பட்டறை. துணிக்குச் சாயம் ஏத்த நீராவி வேணும்னு கரியைக் கொளுத்தி, இருமி இருமி ரத்தம் துப்பினோம். நோட்டீஸ் அடிச்சேன் மேடம். சூடு அந்தப் பக்கம், கரி இந்தப் பக்கம், சாவு யார் பக்கம்? சொந்த வரி! பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி, மீதியெல்லாம் நோட்டீஸ் படிச்சு வந்த புத்திதான். ரெண்டு முதலாளியும் சிரிச்சானுங்க.

சிரிக்காம என்ன பண்ணுவான்? ரெண்டு சங்கமும் ஒருத்தன் மண்டையை ஒருத்தன் உடைச்சிட்டிருந்தோமே. ஒரு வேலைநிறுத்தத்துல கண்ணாடிக்காரங்க நடுவுல கழண்டுகிட்டு வேலைக்குப் போனாங்க. கேட்ல மறிச்சோம். இரும்புக் கம்பி, உடைஞ்ச கண்ணாடி, கைல சிக்கினதெல்லாம். இந்தக் காதைப் பாருங்க, பாதிதான் இருக்கு. மீதி ரோட்ல கிடந்துச்சு, பொறுக்க நேரமில்ல. நானும் சும்மா நிக்கல, அவங்கள்ல மூணு பேருக்கு இன்னைக்கும் முன்பல் கிடையாது. என் தம்பி அங்கயே விழுந்தான். பின்மண்டைல அடி. தூக்கினப்போ என் உள்ளங்கைல சூடா வழிஞ்சுச்சு. யார் அடிச்சதுன்னு கோர்ட்டும் கண்டுபிடிக்கல, நானும் கண்டுபிடிக்கல.

அப்படி இருந்தும் அவங்க சங்கத் தலைவன் வீட்டுக் கதவைத் தட்டினவன் நான்தான். ஆமா, அதே ஆள்தான், செத்தவன். மொட்டைன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கம்பியோடதான் கதவைத் திறந்தான். என் மூஞ்சியைப் பார்த்துட்டு, உள்ள வான்னான். அப்புறம் மூணு மாசம் ரெண்டு கேட்டையும் ஒண்ணா மறிச்சோம். போலீஸ் மிதிச்சதுல அவனுக்கு ரெண்டு விலா போச்சு. அதுக்கப்புறம்தான் முதலாளிங்க உக்காந்து பேசினானுங்க. உலைச் சூட்டுல அவங்க நீராவி எடுக்கணும், குழாயும் நீராவி வந்து இறங்கற தொட்டியும் நாங்க போடணும், ஆறின தண்ணி அவங்களுக்கே திரும்பணும். கரி லாரி இந்தத் தெருவுக்குள்ள வந்து ஆறு வருஷமாச்சு! பின்னால ஐஸ் கம்பெனிக்காரன் கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டுட்டு எங்களோட சேரக் காத்திருக்கான். இப்பப் போய் அறுக்கறதாம்.

பூட்டா? சொல்றேன். தொட்டியில படிஞ்ச உப்பைச் சுரண்ட ஆள் இறங்கினா, நீராவி வால்வை மூடி அதுல ரெண்டு பூட்டு தொங்கணும். அவங்களது ஒண்ணு, எங்களது ஒண்ணு. ரெண்டு சாவியும் இறங்கறவன் சட்டைப்பையில. ஒருத்தனை ஒருத்தன் நம்பாதவங்க போட்ட விதி. நீங்க பார்த்தப்போ ஒரு பூட்டுதான் இருந்துச்சு. அது ஏன்னு ஒருத்தரும் கேக்கலையே? பூட்டு பூட்டினபடி, சாவி செத்தவன் பையில, அதனால வால்வுதான் கசிஞ்சிருச்சுன்னு முடிச்சுட்டீங்க. நல்ல படிப்பு மேடம்!

அன்னைக்கு மொட்டை அவன் பூட்டைப் போடல. உன்னோடது போதும் மச்சான்னான். ஏணில கால் வச்சுட்டு, இத்தனை வருஷமா தொண்டைல நிக்குதுடா, உன் தம்பி மேல விழுந்த கம்பி என்னோடதுன்னான். அழுதான். அழுதுகிட்டே உள்ள இறங்கினான்.

எங்க பூட்டோட சாவி அவங்க பையில போகுதேன்னு, மொத நாளே நான் இன்னொரு சாவி செஞ்சு வச்சிருந்தேன். இதோ, இதான். பூட்டைத் திறந்து வால்வை அரைச் சுத்துதான் திருப்பினேன். பத்து எண்ணறதுக்குள்ள கத்தல் நின்னுருச்சு. மூடிப் பூட்டிட்டு, ஆள் கூப்பிட்டு, நானேதான் வெளிய தூக்கினேன். தோல் என் கையோட வந்துருச்சு.

வால்வு சொட்டுக்கூடக் கசியாது மேடம், அதைத் தெளிவா எழுதுங்க. மொதல்ல அந்த அறுக்கறவனுங்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்குள்ள நான் சட்டையை மாத்திட்டு வந்துடறேன்.