வாசல் வழியாக அளந்த தூரம்

பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் செருப்போடு யாரும் வரக் கூடாது என்பது என் காப்பகத்தில் முதல் விதி. உங்கள் ஆட்கள் பூட்ஸோடு திமுதிமுவென்று நுழைந்தார்கள். விதியை மதிக்காதவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது, இன்ஸ்பெக்டர் அம்மா.

செல்போன் ஆன்டெனாவைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று நகராட்சியில் ஒரு விதி இருக்கிறது. நல்ல விதி. எழுதியவர் பிள்ளை பெற்றவராக இருந்திருப்பார். அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் மூளை இல்லை.

என் தூங்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் பின்சுவர். சுவரைத் தாண்டினால் அச்சகத்தின் மொட்டை மாடி. அங்கேதான் ஆன்டெனா வைக்கப் போவதாகச் சொன்னார்கள். புகார் கொடுத்தேன். சர்வேயர் வந்தார். நேராக ஜன்னலுக்கு வருவார் என்று பார்த்தால், மனிதர் என் வாசல் கேட்டில் நாடாவின் நுனியை மாட்டினார். தெருவோடு இழுத்துக்கொண்டு போய், முனையில் திரும்பி, மறு தெருவில் அச்சகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நூறு மீட்டர் தாராளமாக வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்?

"நடந்து போற வழியிலதாம்மா அளக்கணும். காலங்காலமா அப்படித்தான்" என்றார்.

மதுக்கடைக்கு அளக்கிற முறையை ஆன்டெனாவுக்கும் வைத்துக்கொண்டு அளக்கிறார். அலை என்ன தெருவைச் சுற்றி வந்து, காலிங் பெல் அடித்து, செருப்பைக் கழற்றிவிட்டா உள்ளே வரும்? கேட்டேன். சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டினார்.

பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் போனைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்கள். ஒரு அப்பா, "உங்க வீட்டுக்குள்ள சிக்னலே எடுக்கல அக்கா, ஆன்டெனா வந்தா நல்லதுதானே" என்றார். இவர்களெல்லாம் பிள்ளை பெற்றவர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியாக நகராட்சிப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் கையை விரித்துவிட்டார். "புகாரைப் பார்க்கச் சொல்லியிருக்கேன். ஆனா இதுவரைக்கும் எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஆச்சாம்மா? ஆகட்டும், அப்புறம் வாங்க" என்றார். இதை அந்த மனிதர் வாயால் சொன்னார். நீங்கள் அவரையும் விசாரிக்க வேண்டும்.

ஆன்டெனா ஏறியது. நான் தினமும் மதியத் தூக்கம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. எழுந்ததும் எழாததுமாக ஓடிப் பிடித்து விளையாடின. எனக்கு எரிச்சலாக வந்தது. கெடுதல் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது, வெளியே தெரிய மாட்டேன் என்கிறது. இப்படிக் கிண்ணென்று திரிந்தால் யார் நம்புவார்கள்?

வெளியே தெரியும்படி செய்ய வேண்டியிருந்தது. எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் பொடித்து மதியப் பாலில் கலந்தேன். கொஞ்சமாகத்தான். ஆயாகூட, "பால் கசக்குதுன்னு சொல்லுதுங்க அக்கா" என்றாள். சர்க்கரையைக் கூட்டிப் போட்டேன். என் கையால் எதைக் கொடுத்தாலும் பிள்ளைகள் குடிக்கும். அவ்வளவு நம்பிக்கை.

பிள்ளைகள் துவண்டன. சில வாந்தி எடுத்தன. அதுவரை எட்டிப் பார்க்காத பெற்றோர்கள் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். சிக்னல் கேட்ட அப்பா அதே போனில் ஆன்டெனாவைப் படம் பிடித்துக்கொண்டு, "சொன்னீங்களே அக்கா, நாங்கதான் காதுல போட்டுக்கல" என்று அழுதார். பொறியாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒளிப்பானேன், எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அப்போதே கழற்றியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். குழு வந்து பார்க்கும், அறிக்கை தரும் என்று பூசி மெழுகினார்கள். அதனால் அளவைக் கொஞ்சம் கூட்டினேன்.

வாயாடியைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் அம்மா பஸ் கண்டக்டர். காலையில் அவளை விடும்போதெல்லாம், "உங்ககிட்ட விட்டா எனக்குக் கவலையே இல்லக்கா" என்பாள். வாயாடி என்று பெயர் வைத்ததே நான்தான். தூக்கத்தில்கூடப் பேசுவாள். எல்லோரிலும் அவளைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம், தன் பாலைக் குடித்துவிட்டு மற்றவர்கள் மிச்சம் வைத்த டம்ளர்களையும் காலி செய்துவிட்டுத்தான் படுப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் வரிசையாகக் குடித்துக்கொண்டு போனாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுத்தால் ஆயாவுக்குச் சந்தேகம் வரும். அதுவும் தவிர, ஒரு பிள்ளைக்காவது பலமாக ஏதாவது ஆனால்தான் அந்தப் பொறியாளருக்கு உறைக்கும் என்று தோன்றியது.

மற்ற பிள்ளைகள் தாமதமாக எழுந்தன. அவள் எழவில்லை.

ஆமாம், கலந்தது நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டது நான் ஒருத்திதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் சற்று முன் சொன்னதையும் நான் காதில் வாங்கிக்கொண்டேன். "அந்த ஆன்டெனாவுக்கு இன்னும் கனெக்ஷனே குடுக்கலம்மா. நீங்க குடுத்த புகாரைப் பார்த்துட்டு, முதல் நாள்லேர்ந்தே நிறுத்தி வச்சிருந்தாங்க. அது ஒரு நிமிஷம்கூட ஓடல" என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. நீங்களும் படித்தவர்தானே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடாமல் சும்மா நின்றதற்கே இத்தனை பிள்ளைகள் படுத்துவிட்டார்கள், ஒருத்தி போயே போய்விட்டாள். ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?