மூன்றாம் முறை கேட்காத மச்சான்

“ஹலோ... ஹலோ, வெண்டலா? நான்தான் மச்சான், ஆர்விட். ... ஆமா, ஆமா. ... ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். அங்க குளிர் எப்படி?”

சும்மா கூப்பிடுகிறவன் வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்க மாட்டான். ஆர்விட் நின்றான். வடக்கு மின்னசோட்டாவில் ஜனவரி மாதம். வாயைத் திறந்தால் சமையலறையிலேயே புகை வந்தது. ஆனாலும் அந்த ஊரில் பிறந்தவன் எடுத்த எடுப்பில் உதவி கேட்டுவிட முடியுமா? முதலில் குளிர், அப்புறம் மீன், அதற்கப்புறம்தான் விஷயம்.

“மைனஸ் இருபத்தெட்டா? ... இங்கயும் அதேதான். ... ஆமா, காத்து வேற. ... மீனா? சனிக்கிழம உறைஞ்ச ஏரியில ஓட்ட போட்டு நாலு மணி நேரம் உக்காந்தேன். ரெண்டு. ... சின்னதுதான். ... ம்... ம்... அப்புறம் மச்சான், ஒரு சந்தேகம். எனக்கில்ல, பொதுவாக் கேக்கறேன். இந்தப் புது ஃபர்னஸ் நின்னு போயி, சிவப்பு விளக்கு மூணு தடவ மினுக்கினா என்ன அர்த்தம்? ... பொதுவான்னு சொன்னேன்ல! ... சரி, எங்க வீட்லதான். ... காலைல அஞ்சு மணிலேர்ந்து.”

வெண்டல் ஆர்விட்டின் மனைவி மாவிஸுக்குத் தம்பி. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் மாட்டுவதுதான் இருபத்தாறு வருடமாக அவன் தொழில். போன அக்டோபரில் ஆர்விட் புது ஃபர்னஸ் வாங்கியபோது, “நான் வந்து மாட்டித் தரேன்” என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் ஆர்விட் வேண்டாம் என்றான். அந்த ஊரில் முதல் ‘வேண்டாம்’ யார் காதிலும் விழுவதில்லை. இரண்டாவது வேண்டாம் மரியாதைக்கு. மூன்றாவதுதான் உண்மையான வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் குழாய் மாட்ட ஒரு ஆளா என்பது ஆர்விட்டின் நினைப்பு.

“... தலைவலியா? இல்லப்பா. ... மயக்கமும் இல்ல. விஷவாயு அலாரம் அடிக்கல. ... கேஸ மூடிட்டேன். ... மறுபடி போட மாட்டேன், சத்தியமா. ... புகைக் குழாயா? சுவத்துல ஓட்ட போட்டு வெளிய விட்டிருக்கேன். ... எந்தப் பக்கம் சாஞ்சிருக்கா? வெளிப் பக்கம். தண்ணி வெளிய போகணும்ல? ... என்னது, உள் பக்கமா? ஃபர்னஸுக்கே திரும்பி வரணுமா? புகைலேர்ந்து வடியிற தண்ணிய எவனாவது வீட்டுக்குள்ள கூப்பிடுவானா? ... ஓ. ... ஓகோ. ... குழாய் வாயிலயே உறைஞ்சிடுமா. ... ஆமா, ஒரு பனிக்கட்டி தொங்குது. என் கை தண்டி. ... சரி, தொடை தண்டி.

... தரையிலேர்ந்து உயரமா? முட்டி அளவு. ... பனியா? பனி இடுப்பு அளவு. ... சிரிக்காத. நான் மாட்டினப்ப அங்க புல்லுதான் இருந்துச்சு! ... ஆமா, அறுபத்தொரு வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன். பனி வரும்னு எனக்கும் தெரியும்.”

இன்னொரு குழாயைப் பற்றி மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று ஆர்விட் மனசுக்குள் வேண்டிக்கொண்டான். அந்த வேண்டுதல் பலிக்கவில்லை.

“... அடியில தண்ணி வடியிற குழாயா? அதுவும்... வெளியதான். ... இருக்கு, பேஸ்மென்ட் தரையில வடிகால் இருக்கு. அது மேல ஃப்ரீசர் நிக்குது. ... நகத்தலாம்தான். உள்ள நாப்பது மீன் இருக்கு மச்சான், கல்லு மாதிரி கனம். ... ஆமா, மீன எடுத்துட்டு நகத்தியிருக்கலாம். ... இப்ப மீனுக்கு ஃப்ரீசரே தேவையில்ல, உண்மைதான். ... புத்தகமா? கூடவே வந்துச்சு. மேசை ஆடுதுன்னு கால்ல முட்டுக் கொடுத்திருக்கேன். ... நல்ல தடிமன்.

... மாவிஸா? இல்ல. பொண்ணக் கூட்டிட்டு வர ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. ... ஆமா, குழந்தையோட. இன்னிக்குத்தான் விடறாங்க. ... ஆறு பவுண்டு. ... நாலு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க.”

குரல் இறங்கிவிட்டது.

“... வெண்டல், மூணு நாள் குழந்தைடா. இந்த வீட்டுக்குள்ள எப்படிடா கொண்டு வருவாங்க? ‘என் தம்பியக் கூப்பிடு’ன்னு அப்பவே மாவிஸ் தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. ... ம்? ... நீ வரியா? சேச்சே, வேண்டாம் மச்சான், உனக்கு ஆயிரம் வேலை. ... இல்ல, இல்ல, பன்னெண்டு மைல், இந்த ரோட்டுல எதுக்கு? வேண்டாம்.”

இரண்டு ‘வேண்டாம்’ சொல்லியாகிவிட்டது. அடுத்த முறை கேட்டதும் ‘சரி, உன் இஷ்டம்’ என்று அலுப்போடு ஒத்துக்கொள்ள ஆர்விட் வாயைத் தயாராக வைத்திருந்தான்.

“... என்ன, ‘சரி அப்ப’வா? ... மச்சான்? ... ஹலோ? ... டேய், நீ இன்னும் மூணாவது தடவ கேக்கலையேடா! ... ஹலோ? ... ஹலோ?”

லைன் கட்டாகியிருந்தது. அக்டோபரில் வாங்கிய மூன்று ‘வேண்டாம்’களையும் வெண்டல் மறக்கவில்லை போலும்.

சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி பூத்திருந்தது. மாவிஸ் நேற்றே துடைத்து வைத்த தொட்டில் மூலையில் இருந்தது. ஆர்விட் மறுபடியும் எண்ணை அழுத்தினான்.

“ஹலோ, வெண்டல்... நான்தான். ... இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான். அங்க குளிர்...”

பேசிக்கொண்டே தொட்டிலில் விரித்திருந்த குட்டிப் போர்வையைத் தொட்டான். ஈரத் துணி மாதிரி சில்லென்று இருந்தது. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“வா, வெண்டல். நான்தான் தப்பா மாட்டிட்டேன். எனக்குச் சரிபண்ணத் தெரியல. நீ வா.”

பழக்க தோஷம், ஒரு ‘வேண்டாம்’ அதற்குள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது வெளியே விழுவதற்குள் ஆர்விட் போனை வைத்துவிட்டான்.