கம்ப்யூட்டருக்கு அடித்த சோடா கேஸ்

— கதை விடாதீங்க, மிஸ்டர் ஆம்ப்ரோஸ். கேன்டீன் நூர்தீனோட சோடா கேஸ் சிலிண்டர் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள எப்படி வந்துச்சு?

— உருட்டிக்கிட்டுதான் வந்தேன், மருதப்பா. தூக்குற வயசா எனக்கு?

— செக்யூரிட்டிகிட்ட விளையாடாதீங்க. எதுக்குன்னு கேக்குறேன்.

— கம்ப்யூட்டருக்குச் சூடு ஏறிடுச்சுப்பா. நாளைக்குத் தீபாவளிச் சம்பளம். ஃபேக்டரி மொத்தத்துக்கும் அதுதான் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு. நிறுத்தினா முதல்லேருந்து போடணும். அதான் கேஸ் அடிச்சுக் குளிர வச்சேன்.

— சோடா கேஸை?

— அமுக்கி அடைச்ச கேஸ்தானே? வெளிய வந்து விரியும்போது ஜில்லுன்னு ஆயிடும். சிலிண்டரைத் தலைகீழாப் புடிச்சுத் தொறந்தேன். பனியாக் கொட்டுச்சு.

— வருஷம் முழுக்க வேகுற நம்ம ஜூரோங்ல பனி!

— பிராசசர் மேல வெள்ளை வெளேர்னு. கிறிஸ்மஸுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கேன்னு எனக்கே சங்கடமாப் போச்சு.

— எங்க அந்தப் பனி? காட்டுங்க.

— போயிடுச்சு. அது உருகித் தண்ணியாகாது, நேரா காத்தாப் போயிடும்.

— ரொம்ப வசதியான பனி லா. கதவை எதுக்கு அகலத் தொறந்து வச்சீங்க? சாமானைக் கடத்தவா?

— அந்த கேஸ் ரூமுல நெறஞ்சா மூச்சு முட்டும். கம்ப்யூட்டர் பொழைச்சு நான் செத்துட்டா, என் சம்பளத்தை யார் பேர்ல போடும்?

— நூர்தீன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— கேக்கத்தான் போனேன். வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிட்டான். மிஷின் அவன் வர்ற வரைக்கும் பொறுக்குமா?

— மேனேஜர் வந்ததும் திருட்டுன்னுதான் ரிப்போர்ட் கொடுக்கப் போறேன்.

— டேய், ஜனவரியில என் பொண்ணு உர்சுலாவுக்குக் கல்யாணம். மாதா கோயில்ல தேதி வாங்கியாச்சு. சோடா கேஸ் திருடி வேலை போன மாமனாரை எந்த மாப்பிள்ளைடா ஏத்துக்குவான்?

— அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

— இந்தா, விரலைப் பாரு. சிலிண்டர் வாயைப் புடிச்சதுல வெந்து போச்சு.

— குளிர்ல வெந்துச்சா? சூட்டுல வேகும்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன்.

— பொய் சொல்றதா இருந்தா நீ நம்புற மாதிரிச் சொல்லத் தெரியாதா எனக்கு?

— சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. ரூமுல அவ்ளோ பெரிய ஏர்கான் இருக்கு. அப்புறம் எப்படிச் சூடு ஏறுச்சு?

— அது கெட்டுப் போச்சுப்பா. சாப்பிட்டுட்டு வந்து பாக்குறேன், செத்துக் கெடக்கு. ரிப்பேர்காரனுக்கு போன் போட்டேன், தூரத்துல ஆங் மோ கியோல வேலையா இருக்கானாம், சாயங்காலந்தான் வருவானாம்.

— மாட்டினீங்களா! ஏர்கான் கெடவே இல்ல. முதல்லேருந்தே எனக்கு அங்கதான் சந்தேகம்.

— கெடலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— எனக்கா தெரியாது? நீங்க சாப்பிடப் போனதும் கீழ போய் ஏர்கானோட மெயின் சுவிட்சை அணைச்சதே நான்தானே. ஆளே இல்லாத ரூமுக்கு ஏர்கான் எதுக்கு லா?